சோறு சத்திரத்துது, பாய் நம்மளுது: தஞ்சை மண்ணில் வழிப்போக்கர் படுத்த கதை

(ஒலி வடிவிலிருந்து வாசிப்புக்காகச் சுருக்கித் தொகுக்கப்பட்டது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோடைக் கும்பகோணத்துல இருந்து ஆரம்பிக்கலாம். சார்ங்கபாணி கோயில் போயிருக்கீங்களா? அங்க பெருமாள் படுத்திருக்கார். ஆனா ஸ்ரீரங்கத்துல மாதிரி நிம்மதியா இல்ல. பாதி எழுந்த மாதிரி ஒரு கோலம். அதுக்கு உத்தான சயனம்னு பேர். கதை என்னன்னா, திருமழிசை ஆழ்வார் இந்த ஊருக்கு வந்து, படுத்திருந்த சாமியைப் பார்த்து, நடந்து நடந்து கால் வலிக்குதா, அதான் படுத்துட்டியா, எழுந்து பேசுன்னு கேட்டாராம். சாமியும் எழுந்திருக்க ஆரம்பிச்சாராம். ஆழ்வார் பதறிப்போய், பரவால்ல, அப்படியே இருங்கன்னு சொல்ல, பாதியிலேயே நின்னுட்டாராம்.

இந்தக் கதைல எனக்குப் பிடிச்சது அந்தக் கேள்விதான். தூரத்துல இருந்து நடந்து வந்தவனுக்கு முதல்ல என்ன வேணும்? படுக்க ஒரு இடம். இதை ஒரு பக்தர் சாமிகிட்ட கேட்டிருக்கார். மனுஷனுக்கு மனுஷன் இதைக் கேட்டிருக்கோமா? நம்ம ஊருக்கு வர்ற வெளியூர்க்காரங்க எங்க படுத்தாங்க, எது மேல படுத்தாங்க? அதுதான் இன்னைக்கு விஷயம்.

இதைத் தேட ஆரம்பிச்சதுக்குக் காரணம் என் சித்தப்பா. மகாமகக் குளத்துல இருந்து நடக்குற தூரத்துல அவருக்கு ஒரு சின்ன லாட்ஜ். 18 ரூம். போன வருஷம் ஒருத்தர் ஆன்லைன்ல ரிவ்யூ போட்டிருந்தார்: ரூம் சுத்தம், ஆட்கள் மரியாதை, காபி பிரமாதம், ஆனா காலைல முதுகை நிமிர்த்த முடியல. அதே மாதிரி இன்னும் ரெண்டு. அடுத்த மகாமகம் 2028ல. அதுக்குள்ள எல்லா மெத்தையும் மாத்தணும்னு சித்தப்பா கடன் வாங்கிட்டார். தப்பான மெத்தையை எடுத்தா அந்தத் தப்பு 18 ரூம்லயும் ஏழெட்டு வருஷம் கிடக்கும். கடையைத் தேடறதுக்கு முன்னாடி அவர் எங்கிட்ட கேட்டது இது: "ஏம்ப்பா, சரித்திரம் சரித்திரம்னு பேசறியே, நம்ம பக்கம் விருந்தாளிக்கு மெத்தை போட்ட பழக்கம் உண்டா?"

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியல. அப்புறம் தேடினேன்.

ஓடே தலையணை

மெத்தை நமக்குத் தெரியாத பொருள் இல்ல. சங்க இலக்கியத்துல நெடுநல்வாடைன்னு ஒரு பாட்டு. அதுல பாண்டிய அரசியோட கட்டிலை வர்ணிக்கிறாங்க. யானைத் தந்தத்துல செஞ்ச கட்டில், மேல அன்னத்தோட மெல்லிய தூவி வெச்ச படுக்கை. ஆண்டாளோட திருப்பாவைலயும் தந்தக்கால் கட்டிலும் பஞ்ச சயனமும் வருது. அந்தப் பஞ்ச சயனத்துக்கு உரைக்காரங்க ஐந்து குணம் சொல்றாங்க: அழகு, குளிர்ச்சி, மென்மை, பரிமளம், வெண்மை. யோசிச்சுப் பாருங்க, இன்னைக்கு ஸ்டார் ஓட்டல் விளம்பரத்துல வர்ற அஞ்சு வார்த்தையும் இதுதான்.

ஆனா இதெல்லாம் அரசி படுக்கிற கட்டில், கண்ணன் படுக்கிற கட்டில். வழிப்போக்கனுக்கு? அதுக்கு மணிமேகலைக்குப் போகணும். கதையோட பெரும்பகுதி காவிரி கடல்ல கலக்குற புகார்ல நடக்குது. அதுக்குள்ள ஆபுத்திரன்னு ஒருத்தன் கதை இருக்கு. அவன் மதுரைல வீடு வீடாப் பிச்சை எடுத்து, பார்வை இல்லாதவங்க, காது கேக்காதவங்க, நடக்க முடியாதவங்க, யாரும் இல்லாதவங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சோறு போடுவான். மிச்சத்தை அவன் சாப்பிடுவான். அப்புறம் அந்தப் பிச்சை ஓட்டையே தலைக்கு வெச்சுக்கிட்டு அம்பலத்துல தூங்குவான். ஒரு மழைநாள் நடுராத்திரி, நடந்து களைச்ச சில பேர் வந்து பசிக்குதுன்னு நிக்கிறாங்க. கொடுக்க ஒண்ணும் இல்ல. அப்பதான் சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைக் குடுக்குறா.

கவனிங்க. நடுராத்திரில, மழைல வந்து நிக்கிறவங்களுக்குத் தெய்வம் குடுத்தது சோத்துப் பாத்திரம். படுக்கையைப் பத்தி அங்க யாருக்கும் கவலை இல்ல. இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. ரொம்ப நூற்றாண்டு கழிச்சு இதே காட்சி திரும்ப வரும்.

நடுராத்திரி மணி

1799ல தஞ்சாவூர் ராஜா இரண்டாம் சரபோஜி கிழக்கிந்தியக் கம்பெனியோட ஒப்பந்தம் போடுறார். ராஜ்யத்தோட நிர்வாகம் கம்பெனிக்குப் போயிடுது. அவருக்கு மிஞ்சினது தஞ்சாவூர்க் கோட்டையும் அதைச் சுத்தின கொஞ்ச இடமும். நாடே கையை விட்டுப் போன ஒரு ராஜா, எதைக் காப்பாத்திக்க ஆசைப்பட்டார் தெரியுமா? சத்திரங்களை. 1801ல ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதின கடிதம் இருக்கு. சத்திரத்துல என்னென்ன நடக்குதுன்னு விவரமா எழுதறார்.

பிராமணர்ல இருந்து பறையர் வரைக்கும், எல்லா வகை யாத்ரீகர்களுக்கும் சோறு. சமைச்ச சோறு சாப்பிடாதவங்களுக்கு அரிசியா குடுக்கிறது. இது நடுராத்திரி வரைக்கும் நடக்கும். அப்புறம் ஒரு மணி அடிச்சு, இன்னும் சாப்பிடாதவங்க இருந்தா வாங்கன்னு அறிவிப்பாங்க. நோயாளிக்கு மருந்து, அதுக்கேத்த பத்தியச் சாப்பாடு, குணமாகிற வரைக்கும் கவனிப்பு. வழில பிரசவம் ஆன பொண்ணுக்கு மூணு மாசம் வரைக்கும் அங்கேயே தங்க இடம். அநாதைக் குழந்தைங்களுக்குப் படிப்பு, மூணு வேளைச் சாப்பாடு, நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய்க் குளியல். வைத்தியர், வாத்தியார், விஷக்கடி பார்க்கிறவர் எல்லாரும் உண்டு.

இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைச்சுது. மணிமேகலையோட அந்த நடுராத்திரி, நிஜமான ஒரு நிர்வாகத்துல, மணியா அடிக்குது.

இந்தச் சத்திரங்கள் எங்க இருந்துச்சு? பல சத்திரங்கள் ராமேஸ்வரம் போற யாத்திரைப் பாதைல. தஞ்சாவூர்ல இருந்து தெற்கே பட்டுக்கோட்டை ரோட்டுல போனா ஒரத்தநாடு. சுமார் 20 கிலோமீட்டர். குழந்தை, மூட்டையோட நடக்குறவங்களுக்கு ஒரு நாள் நடை. அங்க 1802ல சரபோஜி, மறைஞ்சுபோன முத்தாம்பாள் நினைவா ஒரு சத்திரம் கட்டினார். முத்தாம்பாள் சத்திரம். அடிப்பக்கம் குதிரை, யானை இழுக்கிற தேர் மாதிரி செதுக்கியிருப்பாங்க. நீடாமங்கலத்துல யமுனாம்பாள் சத்திரம். கடற்கரைப் பக்கம் சேதுபாவாசத்திரம், அங்க ஊர் பேரே சத்திரம். பஸ் போர்டுல தினம் படிக்கிறோம், ஏன் அந்தப் பேருன்னு யோசிக்கிறதில்ல.

சரி, சித்தப்பா கேள்விக்கு வருவோம். அங்க எது மேல படுத்தாங்க? ராஜாவோட கடிதத்துல எடை முழுக்கச் சோத்து மேல, மருந்து மேல, படிப்பு மேல. மெத்தை அந்தக் கணக்குல இல்ல. நெல்லு விளையிற நாட்டுல விருந்தோம்பலை அளக்கிற அளவுகோல் மரக்கால்தான். சத்திரம் குடுத்தது கூரையும் தரையும். பாய் அவனவனுது.

பாய்க்கு ஒரு வசதி உண்டு

இதைக் கஞ்சத்தனம்னு நினைச்சுடாதீங்க. பாயில ஒரு புத்திசாலித்தனம் இருக்கு. கோரை ஈரமான மண்ணுல வளர்ற புல். காவிரிக் கரையோரம் கரூர், முசிறிப் பக்கம் அதைப் பயிராவே போடறாங்க. கீழே சீர்காழிப் பக்கம் தைக்கால் பாய்க்கும் பிரம்பு சாமானுக்கும் பேர் போனது. கோரைப் பாயைச் சுருட்டினா அக்குள்ல அடங்கும். அழுக்கானா தண்ணி ஊத்திக் கழுவி, வெயில்ல போட்டா முடிஞ்சுது. டெல்டா புழுக்கத்துல கீழே ஈரம் தேங்காது. மூட்டைப்பூச்சி ஒளிய மடிப்பு குறைவு.

இன்னொரு படுக்கையும் இருந்துச்சு: திண்ணை. அக்ரகாரத்துலயும் மத்த தெருக்கள்லயும் வீட்டு வாசல்ல திண்ணை கட்டி, சில வீட்டுல ஒரு ஓரத்தைச் சாய்வா உயர்த்திக் காரையிலேயே தலையணை மாதிரி பூசியிருப்பாங்க. அந்தத் தலையணையை யாரும் திருட முடியாது, துவைக்கவும் வேண்டாம்.

இங்கதான் நான் ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டேன். பொதுப் படுக்கைல பிரச்சினை கெட்டியா மெத்துன்னா இல்ல. உங்களுக்கு முன்னாடி அதுல யார் படுத்தான்கிறதுதான். பாதிப் பயம் சுத்தத்தைப் பத்தினது: வேர்வை, பேன், நோய், மூட்டைப்பூச்சி. மீதிப் பயம் சாதியைப் பத்தினது. அதைப் பூசி மெழுக வேண்டாம். சத்திரத்துல எல்லாருக்கும் சோறு உண்டு, ஆனா எல்லாருக்கும் ஒரே பந்தி இல்ல. உடம்போட ஒட்டி, உடம்பு வாசனையை வாங்கிக்கிற ஒரு பஞ்சு மெத்தையை அப்படிப்பட்ட சமூகம் பொதுவுல எப்படிப் போடும்? அவனவன் பாயை அவனவன் கொண்டு வர்றது ஏழைக்கும் வசதி, தீட்டு பார்க்கிறவனுக்கும் வசதி. அதனாலதான் அந்தப் பழக்கம் அவ்வளவு காலம் நின்னுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

ரயில், ஹோல்டால், ரெக்சின்

1861ல நாகப்பட்டினத்துல இருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்துச்சு. அடுத்த வருஷம் திருச்சி வரைக்கும். ஒரு நாள் நடை ஒரு மணி நேரத்துக்குச் சுருங்கினப்போ, நடைப்பாதைச் சத்திரங்களோட தேவையும் மெல்லச் சுருங்குச்சு. அதிகாரிகளுக்கு முசாபரி பங்களா இருந்துச்சு, கட்டிலோட. மத்தவங்க கைல ஹோல்டால். உங்க தாத்தா வீட்டுப் பரண்ல இருக்கும், பாருங்க: கான்வாஸ் துணி உருளை, உள்ள மெல்லிசா ஒரு மெத்தை, ஜமக்காளம், தலையணை, தோல் வார் போட்டு இறுக்கினது. ரயில் வந்தும் படுக்கை மட்டும் கூடவேதான் வந்துச்சு.

மாத்தினது எது? ஒண்ணு, சட்டம். அரசியல் சாசனத்தோட 15ஆவது பிரிவு, ஓட்டல்லயும் உணவு விடுதிலயும் சாதி பார்த்து யாரையும் தடுக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. 1955ல வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, ஓட்டல், தர்மசாலை, சராய், முசாபர்கானா இதுல எல்லாம் பொதுமக்களுக்குன்னு வெச்சிருக்கிற பாத்திரத்தையும் மத்தப் பொருட்களையும் பயன்படுத்த விடாம தடுத்தா குற்றம்னு எழுதுச்சு. அந்த "மத்தப் பொருட்கள்"ல பாயும் தலையணையும் மெத்தையும் அடக்கம்னுதான் நான் படிக்கிறேன். ரெண்டு வருஷம் கழிச்சு, 1957ல, ஓட்டல் போர்டுல "பிராமணாள்"னு போடுறதை எதிர்த்துப் பெரியார் சென்னைல மறியல் நடத்த வேண்டியிருந்துச்சு. சட்டம் எழுதினதும் பழக்கம் போயிடலன்னு அர்த்தம்.

ரெண்டாவது, ரெக்சின். பழைய பஸ் ஸ்டாண்ட் லாட்ஜ்ல படுத்தவங்களுக்குத் தெரியும். பச்சை இல்லன்னா மரூன் கலர் ரெக்சின் உறை போட்ட மெத்தை. ஈரத் துணியால ஒரு இழுப்பு இழுத்தா சுத்தம். லாட்ஜ்காரருக்கு நிம்மதி. படுக்கிறவருக்கு? ராத்திரி வேர்த்து முதுகு ஒட்டிக்கும். முன்னாடி படுத்தவரோட தடயத்தை அழிச்சாங்க, இப்ப படுக்கிறவரை மறந்துட்டாங்க.

மெத்தைன்னா நம்ம பக்கம் வீட்டுல இலவம் பஞ்சுதான். அந்த நாருக்குள்ள காத்து நிறைஞ்சிருக்கும், மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு உண்டு, தண்ணி சட்டுன்னு ஏறாது. கடல்ல போடுற உயிர்காப்பு அங்கில கூட அதை அடைச்சிருக்காங்க. ஆனா நாளாக ஆக நடுவுல பள்ளம் விழும், பஞ்சு கட்டி கட்டியா திரளும். அப்ப பிரிச்சு, வெயில்ல போட்டு, பஞ்சை அடிச்சு மறுபடி தைக்கணும். வீட்டுக்குச் சரி. 18 ரூம் லாட்ஜுக்கு முடியாது. அதனால லாட்ஜுங்க தேங்காய் நார் மெத்தைக்குப் போனாங்க. நாரை முறுக்கி, அவிழ்த்து, சுருள் சுருளா ஆக்கி, ரப்பர் பால் தெளிச்சு, சூட்டுல இறுக்கிச் செய்யிறது. காத்தோட்டம் நல்லா இருக்கும். ஆனா கெட்டி. சித்தப்பா லாட்ஜ்ல கிடந்தது அதுதான், வாங்கிப் பல வருஷம் ஆனது, நடுவுல நார் நொறுங்கினது.

"கெட்டியா இருந்தாத்தான் முதுகுக்கு நல்லது"

சித்தப்பாவோட வாதம் இதுதான். "எங்கப்பா தரையில படுத்தார், 80 வயசுல வயலுக்குப் போனார். மெத்துன்னு போட்டா முதுகு கெட்டுப்போகும்." நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லாரும் சொல்றதுதான், ரொம்ப நாளா டாக்டருங்களும் சொன்னதுதான்.

2003ல லான்செட் மருத்துவ இதழ்ல ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒண்ணு வந்துச்சு. நாள்பட்ட இடுப்பு வலி இருக்கிற 313 பேரை ரெண்டா பிரிச்சு, பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, பாதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை குடுத்தாங்க. யாருக்கு எதுன்னு அவங்களுக்கே தெரியாது. 90 நாள் கழிச்சுப் பார்த்தா, நடுத்தர மெத்தைல படுத்தவங்களுக்குத்தான் வலியும் சிரமமும் நல்லாக் குறைஞ்சிருந்துச்சு. காரணம் லேசானதுதான். ஒருக்களிச்சுப் படுக்கும்போது தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ள இறங்கணும், இடை தாங்கப்படணும். தரை மாதிரி இருந்தா இறங்காது. ரொம்ப மெத்துன்னா எல்லாமே சேர்ந்து இறங்கிடும்.

தாத்தாவுக்குத் தரை ஒத்துக்கிச்சுன்னா, அவர் சின்ன வயசுல இருந்து அதுலயே படுத்துப் பழகின உடம்பு. லாட்ஜுக்கு வர்றவங்க உடம்பு யாரோடதுன்னு நமக்குத் தெரியாது. ஒரு ரூம்ல 45 கிலோ பாட்டி, பக்கத்து ரூம்ல 95 கிலோ மகன். வீட்டு மெத்தைக்கும் ஓட்டல் மெத்தைக்கும் பெரிய வித்தியாசம் அதுதான்.

உலகத்துலயும் ஓட்டல்காரங்க இதை லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டாங்க. 1999ல அமெரிக்காவோட வெஸ்டின் ஓட்டல்கள், பல மெத்தைகளைச் சோதிச்சுப் பார்த்து, ஹெவன்லி பெட்னு பேர் வெச்சு படுக்கையையே விளம்பரமாக்கினாங்க. அதுவரைக்கும் விளம்பரத்துல நீச்சல் குளம், சாப்பாடு, லாபி எல்லாம் முன்னால நிக்கும். தூங்க வர்ற இடத்துல தூக்கத்தைப் பத்திப் பேச அவ்வளவு காலம் ஆயிருக்கு. நம்ம மட்டும் இல்ல.

கடையில

கடைசியா தஞ்சாவூர்ல ஒரு கடைக்குப் போனோம். நான் கத்துக்கிட்டதைச் சுருக்கமா சொல்றேன், யாராவது ஹோம்ஸ்டே ஆரம்பிக்கிறீங்கன்னா உதவும்.

கடைக்காரர் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டின்னு அடுக்குவார். அது ஒரு கன மீட்டர் ஃபோமோட எடை, கிலோ கணக்குல. எவ்வளவு நாள் உழைக்கும்னு அது ஓரளவு சொல்லும். கெட்டியா மெத்துன்னான்னு சொல்லாது. ரெண்டும் வேற. அதைக் கைல அழுத்தியும் தெரிஞ்சுக்க முடியாது, படுத்துத்தான் பார்க்கணும். சித்தப்பா கடைல செருப்பைக் கழட்டிட்டுப் பத்து நிமிஷம் ஒருக்களிச்சுப் படுத்தார். அப்புறம் சித்தியைப் படுக்கச் சொன்னார். அப்புறம் லாட்ஜ்ல வேலை பார்க்கிற அண்ணனை. அவர்தான் எங்கள்ல கனமான ஆள். "நான் எதுக்கு சார்"னு கூச்சப்பட்டார். "நீ படுத்து எழுந்தாத்தான்டா எனக்கு நம்பிக்கை"ன்னு சித்தப்பா விடல.

எடுத்தது: அடியில அழுத்தமான ரீபாண்டட் ஃபோம், மேல ரெண்டு அங்குலம் மெத்துன்னு ஒரு அடுக்கு. உயரமானவங்க கால் தொங்காம இருக்க 78 அங்குல நீளம். ரெக்சின் இல்ல, நாலு பக்கமும் மூடுற ஜிப் உறை, கழட்டித் துவைக்கலாம், மூட்டைப்பூச்சியும் மெத்தைக்குள்ள போக முடியாது. கட்டில்ல முழுப் பலகையை எடுத்துட்டு இடைவெளி விட்ட சட்டம், கீழே காத்து போக. மூணு மாசத்துக்கு ஒரு தடவை தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்பணும்னு காலண்டர்ல குறிச்சாச்சு.

மொத்தமா 18 வாங்கல. முதல்ல நாலு. மூணு மாசம் வர்றவங்ககிட்ட காலைல காபி குடுக்கும்போது கேட்டுட்டு, அப்புறம் மிச்சம். அதைச் சொன்னது சித்தப்பாதான், நான் இல்ல.

திரும்பி வரும்போது கார்ல அவர் சொன்னார்: "மணி அடிச்சு, சாப்பிடாதவன் யாருன்னு கேட்டாங்கன்னு சொன்னியே. நாம காலைல, தூங்காதவன் யாருன்னு கேக்கணும்."

இப்ப அந்த நாலு ரூம்ல கேட்டுக்கிட்டிருக்கார். ஒருத்தர் மட்டும் எனக்குத் தரையே போதும், பாய் குடுங்கன்னாராம். அதுக்கும் ரெண்டு கோரைப் பாய் வாங்கி வெச்சிருக்கார்.

உங்க வீட்டுப் பரண்ல ஹோல்டால் இருந்தா, எந்த ஊருக்குப் போன ஹோல்டால்னு பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.